அந்தக் குட்டிச் சொல் யார் பக்கம்? பிரேசல் வெர்ப் படிப்பவர்களுக்கு

ஆங்கிலத்தில் ஒரு வினையோடு அப், ஆன் போன்ற குட்டிச் சொல் சேர்ந்து வருவது பிரேசல் வெர்ப். அந்தப் பட்டியலை அகர வரிசையில் நெட்டுருப் போட்டவர்களும் தேர்வில் சறுக்குகிறார்கள். பொருள் தெரியும், சொல்லை எங்கே வைப்பது என்பதில்தான் குழப்பம். 'பிக் அப்' என்றால் எடுப்பது என்று தெரிந்தும் 'பிக் அப் இட்' என்று எழுதி மதிப்பெண்ணைக் கோட்டைவிடுவார்கள்.

முதலில் பார்க்க வேண்டியது, அப், ஆன், அட், ஃபார் போன்ற குட்டிச் சொல் முன்னால் உள்ள வினையோடு ஒட்டுகிறதா, பின்னால் வரும் பெயர்ச்சொல்லோடு ஒட்டுகிறதா என்பதை. பெயர்ச்சொல்லை எடுத்துவிட்டு 'இட்' போட்டுப் பாருங்கள். 'ஸ்விட்ச் இட் ஆன்', 'பிக் இட் அப்' என்று நடுவில் நுழைந்தால் அது வினையின் பங்கு. 'லுக் அட் இட்', 'வெயிட் ஃபார் இட்' என்று கடைசியில்தான் நிற்கும் என்றால் அது பிரிபோசிஷன், அதாவது பெயர்ச்சொல்லின் பக்கம். 'பிக் அப் த புக்', 'பிக் த புக் அப்' இரண்டும் சரி. இட், ஹிம், தெம் வந்தால் மட்டும் நடுவிடம் கட்டாயம்.

'ஹி ரான் அப் எ ஹில்', 'ஹி ரான் அப் எ பில்' இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். முதலாமவன் குன்றின் மேல் ஓடினான், 'ரான் அப் இட்'. இரண்டாமவன் பில்லை எகிற வைத்தான், 'ரான் இட் அப்'. பேசும்போது இந்த இரண்டாவது 'அப்' அழுத்தி ஒலிக்கும்.

புதுப் பொருள் வந்தாலே பிரியும் என்று நம்பிவிடாதீர்கள். 'லுக் ஆஃப்டர்' என்றால் பராமரிப்பது. பொருள் அடியோடு மாறிவிட்டது. ஆனாலும் 'லுக் ஆஃப்டர் ஹெர்' தான், 'லுக் ஹெர் ஆஃப்டர்' கிடையாது.

தேர்வில் அதிகம் ஆட்டங்காட்டுவது மூன்று சொல் கூட்டு. இதில் கடைசிச் சொல் மாறினால் பொருளே மாறும். 'கெட் அவே ஃப்ரம்' என்றால் ஒன்றிலிருந்து தப்பி விலகுவது. 'கெட் அவே வித்' என்றால் தப்பு செய்துவிட்டுத் தண்டனை இல்லாமல் நழுவுவது. முன்னே போய்விட்ட ஆளை எட்டிப் பிடிப்பது 'கேட்ச் அப் வித்', விட்டுப்போன வேலையை முடிப்பது 'கேட்ச் அப் ஆன்'. இந்தக் கூட்டில் பெரும்பாலும் 'இட்' நடுவில் நுழையாது: 'புட் அப் வித் இட்' (அதைப் பொறுத்துக்கொள்).

'லுக் ஃபார்வர்ட் டு' (ஆவலோடு எதிர்பார்ப்பது) வந்தால் அதன் பின் பலர் 'மீட்' என்று எழுதுகிறார்கள். 'மீட்டிங்' தான் சரி. சந்தேகம் வந்தால் 'டு'வுக்குப் பின் 'த ட்ரிப்' என்று ஒரு பெயர்ச்சொல்லை வையுங்கள். 'லுக் ஃபார்வர்ட் டு த ட்ரிப்' பொருந்துகிறது, ஆகவே 'இங்' வேண்டும். 'ஹோப் டு த ட்ரிப்' பொருந்தவில்லை, ஆகவே 'ஹோப் டு மீட்'.

'கோப் அப் வித்' நாம் அடிக்கடி செய்யும் பிழை. 'கீப் அப் வித்' பழகிய நாக்கு இங்கேயும் 'அப்' சேர்த்துவிடுகிறது. சமாளிப்பது என்று சொல்ல 'கோப் வித்' போதும். 'டிஸ்கஸ் அபவுட்' தவறாவதற்கு நம் 'பற்றி' காரணம். அந்த வினைக்குப் பிரிபோசிஷனே தேவையில்லை.

கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்வியில் விடைகளைப் படிப்பதற்கு முன் கோட்டுக்கு வலப்பக்கம் பாருங்கள். அங்கே ஏற்கெனவே 'வித்' நின்றால் பெரும்பாலும் கேட்பது அப், அவே, ஆன் போன்ற நடுச்சொல். பெயர்ச்சொல் நின்றால் இடப்பக்கம் 'அப்' இருக்கிறதா என்று பார்த்து, அதற்கு எந்த மூன்றாம் சொல் சேரும் என்று யோசியுங்கள்.

நோட்டில் 'புட் அப் வித் = பொறுத்துக்கொள்' என்று மட்டும் எழுதினால் பாதி வேலைதான். 'ஐ கான்ட் புட் அப் வித் த நாய்ஸ்' என்று முழு வாக்கியமாக எழுதி, கீழே அதையே 'இட்' போட்டு ஒருமுறை எழுதுங்கள். ஒரு நாளைக்கு நான்கைந்து போதும்.