உபுத்ல 34 படம் மாட்டின கதை

நேத்து ராத்திரிதான் கடைசி படத்தையும் இறக்கி பேக் பண்ணி முடிச்சோம். மூணு வாரமா சரியான தூக்கம் இல்ல, ஆனா சூட்டோட எழுதலேன்னா அப்புறம் எழுதவே மாட்டேன், அதான் உக்காந்துட்டேன்.

இந்தோனேசியால பாலி தீவுல, உபுத்ங்கிற ஊர்ல நான் வேலை பாக்குற கேலரி சின்னது, ரெண்டு ரூம், ஒரு நீள வராண்டா, அவ்வளவுதான். இந்த தடவை ஒரு டச்சு அம்மாவோட ஓவியங்கள். வயசு எழுபதை தாண்டியாச்சு, இருபத்திச் சொச்சம் வயசுல இருந்து இங்க வந்து போறவங்க. வரைஞ்சது பூரா இங்க பொம்பளைங்க செய்ற வேலை. தென்னங்குருத்தை கிழிச்சு படையல் தட்டு தைக்கிறது, பழத்தை கோபுரமா அடுக்கி தலைல வச்சுக்கிட்டு கோயிலுக்கு வரிசையா போறது, விடியக்காலைல சந்தைல பூ விக்கிறது. நடனக்காரி ஒருத்தர் கூட இல்ல, அதுவே எனக்கு ரொம்ப பிடிச்சுப் போச்சு.

ஏன்னா ஐரோப்பாக்காரங்க பாலியை வரைஞ்ச கதைல யாரை கேட்டாலும் சொல்றது ஆம்பளைங்க பேரைத்தான். வால்டர் ஸ்பீஸ் 1927ல வந்தார், அப்புறம் ருடால்ஃப் போனே, 1936ல உபுத் அரச குடும்பத்தோட சேந்து பிதா மஹான்னு ஓவியர் சங்கமே ஆரம்பிச்சாங்க. பெல்ஜியத்துல இருந்து 1932ல வந்த லெ மேயர், லெகோங்ங்கிற பாலி நடனம் ஆடின நி போலோக்கை வரைஞ்சு வரைஞ்சு அவங்களையே கல்யாணம் பண்ணிக்கிட்டார், சனூர் கடற்கரைல அவங்க இருந்த வீடு இப்போ மியூசியம். அதே காலத்துல, 1938ல, மரியா ஹோஃப்கர் ரூட்டர்னு ஒரு டச்சு ஓவியரும் புருஷனோட இந்தப் பக்கம் வந்தாங்க, புருஷன் இங்க உள்ள பொண்ணுங்களை வரைய இவங்க கோயிலையும் கல் வேலைப்பாட்டையும் வரைஞ்சாங்க, ஆனா ஹோஃப்கர்னு சொன்னா எல்லாருக்கும் ஞாபகம் வர்றது புருஷன் வில்லெம்தான். இந்த ஊர் பெண் ஓவியர்களுக்குன்னு செனிவாதின்னு ஒரு கேலரி வந்ததே 1991லதான். அதனால இந்த கண்காட்சியை எந்தக் குறையும் இல்லாம நடத்திடணும்னு எனக்குள்ள ஒரு வெறி.

முதல் அடி மழைல விழுந்துச்சு. ஃப்ரேம் போட கொடுத்த இடத்துல காசை மிச்சம் பிடிக்க படத்துக்கு பின்னாடி மட்டமான அட்டையை வச்சு அடைச்சிருக்காங்க, பத்தே நாள்ல ரெண்டு பேஸ்டல் படத்துக்கு பின்னாடி சாம்பல் பூத்த மாதிரி பூஞ்சை. பேஸ்டல்ல துணி வச்சு தொடைக்கவும் முடியாது, பொடி அப்படியே வந்துடும். 34 படத்தையும் பிரிச்சு, அமிலம் இல்லாத அட்டை வாங்கி, சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டு மறுபடி அடைச்சோம், வெளிச்சுவர்ல எதையும் மாட்டல. பேப்பர்ல வரைஞ்சதுக்கு 50 லக்ஸ் வெளிச்சம்தான். இதெல்லாம் எனக்கு தெரிஞ்ச வேலை.

தெரியாத வேலையை சொல்லிக் கொடுத்தவங்க எங்க கேலரியை பெருக்கி, தினமும் வாசல்ல சனாங்ங்கிற சின்ன படையல் தட்டு வைக்கிற ம்போக். ம்போக்ன்னா பாலி பாஷைல அக்கா. நெல்லுக்கு தெய்வமான தேவி ஸ்ரீ படத்தை நான் தெக்கு சுவர்ல மாட்டியிருந்தேன், பின்பக்கம் பாத்ரூம். அன்னிக்கு அந்த ரூம்ல மட்டும் ம்போக் சனாங் வைக்கல. ஏன்னு கேட்டப்போதான் சொன்னாங்க, மலை இருக்கிற பக்கம் சாமி, கடல் பக்கம் மத்தது, இது கூடவா தெரியாதுங்கிற மாதிரி ஒரு பார்வை. உடனே மலைப் பக்கம் இருக்கிற வடக்கு சுவருக்கு மாத்தினேன். படத்தோட நடு 150 செ.மீ. உயரத்துல வரணும்ங்கிறது வழக்கம், ம்போக்கும் அவங்க தங்கச்சியும் அண்ணாந்து பாக்க வேண்டியிருந்துச்சு, எல்லாத்தையும் 140க்கு இறக்கினேன்.

அப்புறம் அந்த பெரிய சனாங் படம். மேல இருந்து பாக்குற மாதிரி ஒரே ஒரு படையல் தட்டு, கண்காட்சிக்கே அதுதான் முகம், போஸ்டர்ல கூட அடிச்சாச்சு. ம்போக் அதுக்கு முன்னாடி தலையை இப்படியும் அப்படியும் சாய்ச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னாங்க. "இபு, இது கண்ணாடில பாத்த மாதிரி இருக்கே"ன்னாங்க. இபுன்னா அம்மா, மரியாதையா கூப்பிடுறது. சனாங்ல வெள்ளைப்பூ கிழக்கு, சிவப்பு தெக்கு, மஞ்சள் மேக்கு, நீலமோ பச்சையோ வடக்கு. வெள்ளை மேல இருந்தா சிவப்பு வலது பக்கம் வரணும். படத்துல இடது பக்கம் இருந்துச்சு. எப்படி திருப்பி மாட்டினாலும் சரியா வராது.

வரைஞ்ச அந்த டச்சு அம்மாகிட்ட எப்படி சொல்றதுன்னு எனக்கு கை நடுங்குச்சு. கேட்டுட்டு கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்புறம் ரூமுக்கு போய் பழைய டப்பால இருந்து ஸ்லைடை எடுத்துட்டு வந்தாங்க. பல வருஷத்துக்கு முன்னாடி ஸ்லைடை முன்பக்கம் பின்பக்கம் மாத்தி போட்டு பாத்து வரைஞ்சிருக்காங்க, இத்தனை வருஷத்துல யாரும் கவனிக்கல. மறுநாள் காலைல வராண்டா தரைல ம்போக் பக்கத்துல சம்மணம் போட்டு உக்காந்துட்டாங்க, ம்போக் குருத்து கிழிக்க கிழிக்க இவங்க வரைய, ரெண்டு நாள்ல சின்னதா ஒரு வாட்டர்கலர். பழசை எடுத்துடலாம்னாங்க, நான்தான் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல மாட்டணும்னு பிடிவாதம் பிடிச்சேன். லேபிள்ல ம்போக்கோட முழுப்பேரும் சனாங் செஞ்சவங்கன்னு போட்டோம், அவங்ககிட்ட கேட்டுட்டுதான்.

அதுக்கப்புறம் மத்த லேபிளை பாத்தா எனக்கே பொறுக்கல. "பூக்களுடன் பாலி பெண்", "நி கெதுத்". கெதுத்ன்னா நாலாவதா பொறந்த பிள்ளை, ஊருக்குள்ள போய் கூப்பிட்டா தெருவுக்கு நாலு பேர் திரும்பி பாப்பாங்க. அந்தம்மாவோட பழைய நோட்டுல ஊர் பேர் இருந்துச்சு, போன்ல படத்தை வச்சுக்கிட்டு நானும் ம்போக்கும் ஸ்கூட்டர்ல கிளம்பிட்டோம். 11 முகத்துல 7 பேருக்கு முழுப்பேர் கிடைச்சது. ரெண்டு பேர் இப்போ உயிரோட இல்ல.

அதுல ஒருத்தரோட மக திறப்பு விழாக்கு வந்திருந்தாங்க. அவங்க அம்மா சந்தைல சாமந்தி அளந்து போடுற படம், விரல்ல மஞ்சள் கறை வரைக்கும் இருக்கும். யார்கிட்டயும் பேசல, கூடைல இருந்து ஒரு சனாங் எடுத்து படத்துக்கு கீழ வச்சுட்டு அப்படியே நின்னாங்க.

புது வாட்டர்கலரோட சேத்து 35 படம், ஆனா நேத்து பேக் பண்ணினது 34தான். சாமந்தி படத்தை டச்சு அம்மா அந்த மகளுக்கே கொடுத்துட்டாங்க. மழை படுற சுவர்ல மட்டும் மாட்டிடாதீங்கன்னு நான் மூணு தடவை சொன்னேன். எந்த சுவர்னு அவங்க வீட்ல ஏற்கனவே முடிவாயிடுச்சாம், கிழக்கு.