அம்மிச்சி காட்டிய வாய்க்கால்

பொள்ளாச்சியிலிருந்து வாக்கப்பட்டுப் பாலக்காட்டு எல்லைக்கு வந்து 14 வருஷம் ஆகிறது. எங்கள் சந்தில் பாதி வீடு தமிழ், பாதி வீடு மலையாளம். ஞாயிறு மதியம் ஒரு வீட்டுத் திண்ணையில் குடும்பஸ்ரீ அயல்கூட்டம் கூடும். 1998-இல் கேரளத்தில் தொடங்கிய பெண்கள் சுயஉதவி ஏற்பாடு இது. பக்கத்து வீட்டுப் பெண்கள் பத்திலிருந்து இருபது பேர் ஒரு கூட்டம். சேமிப்பைக் கட்டி நோட்டில் எழுதி முடித்ததும் பேச்சு தண்ணீர், தெருவிளக்கு, சாக்கடை என்றுதான் போகும்.

போன மாதம் வார்டு சபை, அதாவது வார்டு வாக்காளர்கள் கூடும் கூட்டம், நடந்தது. சந்துக்குத் தார் போடலாம் என்பதுதான் அன்று எல்லார் நினைப்பும், என்னுடையதும். மூலை வீட்டு அம்மிச்சி முதல் தடவையாக வந்திருந்தார். மலையாளம் நன்றாகப் புரியும், ஆனால் சபையில் பேச வாய் வராது. "தமிழ்லயே சொல்லுங்க அம்மிச்சி, நான் எடுத்துச் சொல்றேன்" என்றேன். எழுந்தார்.

"தார் அப்பறமா போட்டுக்கலாம் கண்ணு. நெல்லு மில்லுக்குப் பின்னால ஒரு வாய்க்கால் இருந்துது. அது மண்ணு மூடிப் போனதுலதான் ஜூன்ல வர்ற எடவப்பாதி மழைக்குத் தண்ணி திண்ணை ஏறுது."

நான் மலையாளத்தில் சொல்லி முடித்ததும் கவுன்சிலர் சேச்சி, "வாங்க, பார்த்துடலாம்" என்று கிளம்பிவிட்டார். பின்னாலேயே நாங்கள் இருபது பேர். மில் சுவரோரம் அம்மிச்சி ஊன்றுகோலால் கிளறினார். விரற்கடை ஆழத்தில் கருங்கல் விளிம்பு தெரிந்தது, பாசி பிடித்து, ஈரமாக. திரும்பி வந்து சபைக் குறிப்பில் தார் என்பதை அடித்துவிட்டு வாய்க்கால் என்று எழுதினோம். தார் போட்டிருந்தால் அடுத்த வருஷமே அதை வெட்டியிருப்போம்.

உள்ளூர் வேலைகளை மக்களே கூடித் திட்டமிடும் மக்கள் திட்டம் 1996-இல் கேரளத்தில் வந்தபோது மாநிலத் திட்டப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்கு வந்தது. அந்தப் பணம் எங்கே போக வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவர் பேசாமல் உட்கார்ந்திருந்தால் என்ன பிரயோசனம்? 1969-ஆம் வருஷத்துக் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி எங்களைப் போன்ற தமிழ்ச் சிறுபான்மையினர் அரசு அலுவலகத்துக்குத் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும். வார்டு சபை நோட்டீசும் தமிழில் வர வேண்டும் என்பது என் ஆசை. இந்தத் தடவை நானே கையால் எழுதி வீடு வீடாகக் கொடுத்தேன், அதனால்தான் அம்மிச்சி வந்தார்.

வார்டு சபை எழுதியது இனி வளர்ச்சிக் கருத்தரங்கு, கவுன்சில், மாவட்டத் திட்டக் குழு என்று போக வேண்டும். அதற்கு முன் வியாழக்கிழமை ஓவர்சியர் டேப்போடு அளக்க வருகிறார். அம்மிச்சியைக் கைப்பிடித்துக் கூட்டிப் போவது என் வேலை.