இரண்டாவது சிலிண்டர்

ஜூன் 8, 2025, ஞாயிறு

மழை கொஞ்சம் ஓய்ந்ததும் காரின் நாலு ஸ்பார்க் பிளக்கையும் மாற்றினேன். பழைய பிளக்குகளின் நடுமுனை மழுங்கிப் போயிருந்தது. ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்தால் இடைவெளி 1.4 மி.மீ. காட்டியது, இந்த இன்ஜினுக்கு வேண்டியது 1.1. இடைவெளி கூடக் கூட, பொறி தாண்டக் கூடுதல் வோல்டேஜ் வேண்டும். அந்தப் பாரம் முழுக்க, பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் தலையில்தான் விழும்.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகே கை வைத்தேன். பிளக் மாட்டியிருக்கும் இன்ஜின் மேல்பாகமான அலுமினிய ஹெட் சூடாக இருக்கும்போது பிளக்கைக் கழற்றினால் மரை போய்விடும். கழற்றும் முன் பிளக் குழிகளில் காற்றடித்து மண்ணை வெளியே தள்ளினேன், இல்லாவிட்டால் நேரே சிலிண்டருக்குள் விழும். புதுப் பிளக்குகளைக் கையாலேயே மரையில் ஏற்றி, கடைசி முறுக்குக்கு மட்டும் டார்க் ரெஞ்ச் எடுத்தேன். இரண்டாவது சிலிண்டரின் காயில் லேசில் வரவில்லை. காயிலைப் பிளக்கோடு இணைக்கும் ரப்பர் உறை, அதாவது பூட், பத்து வருஷச் சூட்டில் பிளக்கோடு ஒட்டிக் கிடந்தது. இழுக்காமல் இப்படியும் அப்படியும் திருகித் திருகி எடுத்தேன்.

ஸ்டார்ட் செய்தபோது ஐட்லிங் சீராகவே இருந்தது.

ஜூன் 9, திங்கள்

காலையில் நல்ல மழை. பம்மம் பக்கமிருந்து மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஏறும்போது வண்டி உதறியது. ஆக்சிலேட்டரை மிதித்தால் இழுவை இல்லை, ஒரு சிலிண்டர் விட்டுவிட்டு அடிக்கிற குலுக்கல் ஸ்டீயரிங் வரைக்கும் தெரிந்தது. செக் இன்ஜின் லைட் மினுக்கத் தொடங்கியது.

அந்த லைட் அணையாமல் எரிந்தால் நிதானமாக ஓட்டி வீட்டுக்கு வரலாம். மினுக்கினால் கதை வேறு. எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது என்று அர்த்தம். அந்தச் சூட்டில் அதன் உள்கூடு உருகிப்போகும், பிறகு செலவைத் தாங்க முடியாது. காலை எடுத்து மெல்லப் பாலம் இறங்கி, ஓரமாக நிறுத்திவிட்டு பஸ்சில் வேலைக்குப் போனேன். சாயங்காலம் மிதிக்காமல் உருட்டியபடி வீடு சேர்த்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

போனில் விசாரித்த ஒரு ஒர்க் ஷாப்பில் வண்டியைப் பார்க்காமலே பெட்ரோலைத் தூவும் இன்ஜெக்டருக்குக் கிளீனிங், அதற்கும் கேட்காவிட்டால் பெட்ரோல் பம்ப் என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை.

பக்கத்து வீட்டு அண்ணன் குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு வருஷக்கணக்கில் ஜீப் ஓட்டியவர். திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பிளக்க மாத்துன பொறவுதானே வந்துது மக்களே? அப்பம் கை வச்ச எடத்துலதான் கெடக்கும். பம்ப எதுக்குப் புடிக்கப் போற?"

அதுதான் என் எண்ணமும். சனிக்கிழமை வரை நன்றாக ஓடிய பம்ப் ஞாயிறு மாலையில் கெடாது என்று நான் சொல்ல வரவில்லை, கெடலாம். ஆனால் தேடுவதற்கு ஒரு வரிசை வேண்டும். கை பட்ட இடங்களை முதலில் பார்த்து முடித்துவிட வேண்டும்.

ஜூன் 11, புதன்

அலுவலக நண்பரிடம், வண்டியில் பதிவாகும் பிழைக் குறியீட்டைப் படிக்கும் சின்ன ஸ்கேனர் வாங்கி வந்து மாட்டினேன். பி 0302 என்று காட்டியது. கடைசி எண்தான் சிலிண்டரைச் சொல்வது: இரண்டாவது. பி 0300 வந்திருந்தால் பல சிலிண்டர்களில் மாறி மாறி மிஸ்ஸிங், அதாவது பெட்ரோல் சரியாக எரியாமல் அடி தவறுவது. அப்போது காற்றுக் கசிவு, பெட்ரோல் அழுத்தம் என்று பொதுவான காரணங்களைத் தேட வேண்டும். ஒரே சிலிண்டர் என்றால் அதன் பிளக், காயில், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று வட்டம் சுருங்கிவிடும்.

ஆனாலும் பிளக் மாற்றும்போது ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றி மாட்டியிருந்ததால் வேக்குவம் ஹோஸ்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் இடத்தில் இருந்தன. காயில் கனெக்டர்கள் 'டிக்' என்று பூட்டியிருக்கின்றனவா என்றும் பார்த்தேன். சரியாகவே இருந்தன. மழை திரும்பப் பிடித்துக்கொண்டது.

ஜூன் 14, சனி

இன்றைக்குத்தான் நாள் முழுக்கக் கிடைத்தது.

முதலில் இரண்டாவது பிளக்கை வெளியே எடுத்தேன். பீங்கானில் வெடிப்பு இல்லை, இடைவெளியும் சரி. ஆனால் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது வெள்ளைப் பீங்கானின் மேல், உச்சியிலிருந்து அறுகோணப் பட்டை வரை, பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு. புதுப் பிளக்கில். பட்டையை ஒட்டிப் பழைய பிளக்குகளில் பழுப்பு வளையம் தெரியுமே, அது சாதாரணம், அதனால் கெடுதல் ஒன்றும் கிடையாது. இந்தக் கோடு அப்படியில்லை. மின்சாரம் முனைக்குப் போகாமல் பீங்கானின் வெளிப்புறமாக இறங்கி ஹெட்டுக்குப் போன தடம்.

தடம் கிடைத்தாலும் உறுதி செய்யாமல் சாமான் வாங்கக் கூடாது. இரண்டாவது காயிலைப் பூட்டோடு மூன்றாவதில் மாட்டினேன், மூன்றாவதை இரண்டாவதில். பிளக்குகள் அந்தந்த இடத்திலேயே. கோடு விழுந்த பிளக்கை மட்டும் தள்ளிவிட்டுப் பழையவற்றில் ஒன்றைத் தற்காலிகமாகப் போட்டேன். ஸ்கேனரில் பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு ஆற்றூர் பக்கம் ஏற்றத்துக்கு ஓட்டினேன். ஏறும்போது உதறல், பி 0303. மிஸ்ஸிங் காயிலோடு சேர்ந்து இடம் மாறிவிட்டது. இன்ஜெக்டரும் கம்ப்ரஷனும் தப்பித்தன.

இங்கே நிறுத்தியிருந்தால் புதுக் காயில் வாங்கியிருப்பேன். என் காயிலில் பூட் தனியாகக் கழலும். அதனால் மூன்றாவதற்கும் நாலாவதற்கும் பூட்டை மட்டும் மாற்றிப் போட்டேன். காயில்கள் அசையவில்லை. திரும்ப அதே ஏற்றம். பி 0304.

பூட்டேதான். அதைக் கழற்றி விரலால் உள்பக்கத்தை வெளியே புரட்டினேன். பிளக் உட்காரும் வாயில் நகக்கண் அளவுக்கு ஒரு கிழிசல், அதன் ஓரமெல்லாம் சாம்பல் நிறம். ரப்பர் இறுகி வளையும் குணமே இல்லாமல் இருந்தது. ஒட்டிக் கிடந்ததை எப்படி எடுத்திருந்தாலும் பிளந்திருக்கும்.

ஐட்லிங்கில் தெரியாதது ஏற்றத்தில் ஏன் தெரிந்தது என்பதையும் எழுதி வைக்கிறேன். பாரம் ஏறும்போது சிலிண்டருக்குள் காற்று அதிகமாக நிரம்பி அழுத்தம் கூடும். அந்த அழுத்தத்தில் பிளக் முனையில் பொறி தாண்ட 20,000 வோல்ட்டுக்கும் மேல் தேவைப்படலாம். பக்கத்தில் கிழிந்த ரப்பர் என்ற சுலபமான வழி இருக்க, மின்சாரம் அந்தப் பக்கம் இறங்கிவிடுகிறது. நம் ஊர் ஜூன் மாத ஈரக்காற்று அதற்குக் கூடுதல் வசதி.

ஜூன் 18, புதன்

நாகர்கோவிலில் ஏறி இறங்கிய கடைகளில் முதலில் முழுக் காயில்தான் எடுத்து வைத்தார்கள். பூட்டும் ஸ்பிரிங்கும் தனியாக வேண்டும் என்று அடம்பிடித்துக் கேட்டதும் ஒரு கடைக்காரர் உள்ளே போய்த் தேடி எடுத்து வந்தார். நாலும் ஒரே வயசு என்பதால் நாலுக்கும் வாங்கினேன். கோடு விழுந்த பிளக்குக்குப் பதில் ஒன்றும் வாங்கினேன். துடைத்தாலும் அந்தத் தடத்தில் மின்சாரம் திரும்ப ஓடும். கோடு விழுந்த பிளக்கைப் புது பூட்டில் போட்டாலும் அப்படி, புதுப் பிளக்கைப் பழைய பூட்டில் போட்டாலும் அப்படி. இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

பூட்டின் வாயில் உள்பக்கமாகச் சிலிகான் கிரீஸ் துளி தடவி மாட்டினேன். அடுத்த தடவை ஒட்டாமல் வரும்.

ஜூன் 21, சனி

அண்ணனையும் ஏற்றிக்கொண்டு திருவட்டாறு, குலசேகரம் வழியாகப் பேச்சிப்பாறை வரை போய் வந்தோம். மேலே ஏறும்போது வேண்டுமென்றே மூன்றாவது கியரில் வைத்து மிதித்தேன். ஒரு உதறல் இல்லை. ஸ்கேனரிலும் எந்தப் பிழைக் குறியீடும் இல்லை. "இப்பம் சத்தம் ஒரே சீரா கெடக்கு, கேட்டியா" என்றார் அண்ணன். அணைக்கட்டுப் பக்கம் டீ குடித்துவிட்டுத் திரும்பினோம்.

பாக்கி ஒன்று இருக்கிறது. பூட் மாற்றும்போது நாலாவது பிளக் குழியின் அடியில் லேசாக எண்ணெய் ஈரம் தெரிந்தது. ஹெட் கவரில் இருக்கும் குழி சீல் கசிகிறது. எண்ணெயில் ஊறினால் புது பூட்டும் உப்பிக் கெட்டுவிடும். கவர் பேக்கிங்கும் சீல்களும் அந்தக் கடையிலேயே சொல்லி வைத்திருக்கிறேன். வந்ததும் அடுத்த ஞாயிறு அந்த வேலை.