செஞ்சி மலையும் மாமாவின் பம்புசெட்டும்

புதுச்சேரிக்காரர்களுக்குக் கோடை என்றால் கடல்தான். மலையேறிக் குளித்துவிட்டு அன்றைக்கே வீடு திரும்ப வேண்டுமென்றால் ஏற்காடெல்லாம் தோதுப்படாது, செஞ்சிதான் சரி. திண்டிவனம் வழியாக எழுபது கிலோமீட்டர் போல வரும். திருவண்ணாமலை பஸ்ஸில் ஏறினாலும் செஞ்சியில் இறங்கலாம். நண்பனும் நானும் இருட்டோடு பைக்கில் கிளம்பினோம்.

செஞ்சிக் கோட்டை இருக்கும் ராஜகிரி மலையின் உயரம் சுமார் 800 அடி. கேட்கத்தான் சின்னதாக இருக்கிறது, ஒவ்வொரு படியும் முழங்கால் உயரம். வெயில் ஏறினால் பாறை அனலாக அடிக்கும். கமலக்கண்ணி அம்மன் கோயில் நிழலில் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்ததும் குரங்குகள் சூழ்ந்துகொண்டன. பிஸ்கட் அவற்றுக்குத்தான் போனது.

உச்சிக்குச் சற்று முன்னால் பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. அதன்மேல் ஒரு பாலம். அதை மட்டும் எடுத்துவிட்டால் மேலே இருப்பவர்களை யாரும் நெருங்க முடியாது. 1677இல் சிவாஜி பிடித்த கோட்டை இது. பிறகு ஔரங்கசீப்பின் படை 1698 வரை வருஷக்கணக்கில் முற்றுகை போட வேண்டியிருந்தது. பள்ளமும் மதிலும் ஒரு பக்கம் இருக்கட்டும், தண்ணீர்தான் பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. மொட்டைப் பாறையில் விழும் மழையைச் சுனைகளில் தேக்கி வைத்திருக்கிறார்கள். கீழே செட்டிக்குளம், சக்கரக்குளம். கல்யாண மகாலின் மேல்மாடிக்கே சுடுமண் குழாயில் தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள். என் வீட்டு மூன்றாவது மாடிக்கு இன்றைக்கும் ஒழுங்காக ஏறுவதில்லை!

2025இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பன்னிரண்டு மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். நம் புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கிறதே கல்தூண்கள், அவையும் பிரெஞ்சுக்காரர்கள் செஞ்சியிலிருந்து பெயர்த்து வந்தவைதான்.

இவ்வளவு தண்ணீர் இருந்தும் எதிலும் இறங்க வழியில்லை. சுனையெல்லாம் பச்சைப் பாசி, பிளாஸ்டிக் பாட்டில் வேறு. குளியலுக்கு நண்பனின் மாமா நிலம்தான் கதி.

“டேய், த்ரீ ஃபேஸ் கரண்ட் ரெண்டு மணிக்குப் போயிடும். தம்பியக் கூட்டிக்கிட்டு சீக்கிரம் எறங்கு” என்று வரப்பிலிருந்தே குரல் கொடுத்தார் மாமா. மோட்டார் இரண்டு முறை செருமிவிட்டுத் தண்ணீரைத் தள்ளியது. முதலில் பைப்பில் கிடந்த கொதிநீர், துருவாடையோடு. அப்புறம் நிலத்தடிக் குளிர்ச்சி. குழாய்க்குக் கீழே முதுகைக் கொடுத்தால் தோளில் அறைகிற வேகத்தில் மூச்சு முட்டுகிறது. தொட்டியின் அடியில் வழவழவென்று பாசி. நிற்க முடியாமல் உட்கார்ந்தே குளித்தோம். அது அலுத்ததும் கிணற்றில் குதித்தோம். மேலாக வெதுவெதுப்பு, ஓர் ஆள் ஆழத்தில் பல் கிட்டுகிற குளிர்.

சொன்னபடி ரெண்டு மணிக்குக் கரண்ட் போனது. அவித்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, முறத்தோடு நீட்டிய மாமாவிடம், மலைக்குப் போவீர்களா என்று கேட்டேன். “பள்ளிக்கூடத்துல படிக்கும்போது ஏறுனது, தம்பி. கீழ வேல கெடக்குது” என்றார்.

வெயில் தாழ்ந்ததும் கிளம்பி, திண்டிவனத்தில் டீக்கு நின்றதோடு சரி, நேரே ஊர்.