ஒரு மணி நேரத்தில் இலியட்

மூன்று மணி நேரத்தில் மூன்று கட்டுரை. லண்டனில் படித்தபோது எங்களுக்கிருந்த கிரேக்கக் காப்பியத் தாளின் கணக்கு அது. புத்தகத்தை உள்ளே கொண்டுபோக முடியாது. ட்ராய் நகரப் போரைப் பாடும் ஹோமரின் இலியட் 24 காண்டம், 15,000 அடிகளுக்கு மேல். அந்தப் போர் முடிந்து ஒடிசியஸ் வீடு திரும்பும் கதையான ஒடிசியும் 24 காண்டம், 12,000 அடிகளுக்கு மேல். இரண்டையும் இரண்டிரண்டு முறை வாசித்திருந்ததால் மாதிரித் தேர்வுக்குத் தைரியமாகத்தான் போனேன்.

கிரேக்கர்களின் மாவீரன் அக்கிலீஸின் கோபம் நியாயமானதா என்பது கேள்வி. கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னான் அக்கிலீஸுக்குப் பரிசாகக் கிடைத்த பிரிசெயிஸ் என்ற பெண்ணைப் பறித்தது, அக்கிலீஸ் போரை விட்டு விலகியது, அவன் நண்பன் பாட்ரோக்ளஸ் செத்தது, அதற்குப் பழியாக ட்ராய் இளவரசன் ஹெக்டரை அக்கிலீஸ் கொன்றது என்று நாலரைப் பக்கம் எழுதினேன். தகவல் பிழை ஒன்றுகூட இல்லை. ஆசிரியை ஓரத்தில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "கதை எனக்குத் தெரியும். நீ என்ன நினைக்கிறாய்?"

இரண்டு நாள் அந்த வரி உறுத்திக்கொண்டே இருந்தது. மூன்றாம் முறையாக முழுசையும் வாசிக்கும் திட்டத்தைக் கைவிட்டேன். இலியட்டில் 1, 9, 18, 24 ஆகிய நான்கு காண்டங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் யார் யாரிடம் என்ன சொல்கிறார்கள், எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்று பார்த்தேன்.

9-ம் காண்டம் அப்போதுதான் திறந்துகொண்டது. கோபித்துப் போனவனைச் சமாதானப்படுத்த அகமெம்னான் பரிசுகளை அடுக்குகிறான்: 7 முக்காலிகள், 10 தாலந்து பொன், 20 கொப்பரைகள், 12 குதிரைகள், இன்னும் எவ்வளவோ. தூது போகும் ஒடிசியஸ் அந்தப் பட்டியலைக் கிட்டத்தட்ட வார்த்தை மாறாமல் ஒப்பிக்கிறான். ஆனால், 'அவன் எனக்குப் பணியட்டும், நான் அவனைவிடப் பெரிய அரசன்' என்று அகமெம்னான் கடைசியில் சொன்னதை மட்டும் விழுங்கிவிடுகிறான். வாய்மொழிக் காப்பியத்தில் ஒருவர் சொன்னதை இன்னொருவர் அப்படியே திருப்பிச் சொல்வது வழக்கம். அந்த மரபைப் புரிந்துகொள்ளத்தான் அமெரிக்க ஆய்வாளர் மில்மன் பாரி 1930-களில் யூகோஸ்லாவியாவின் பாடகர்களைத் தேடிப்போய்ப் பதிவு செய்தார். திருப்பிச் சொல்வதே வழக்கம் என்றால், விட்டுப்போன இடம் கேட்பவர் காதில் தனியாக ஒலித்திருக்கும் என்று எனக்குப் பட்டது. என் கட்டுரைக்கு வேண்டிய முதல் சொந்தக் கருத்து அது.

இன்னொன்றும் கிடைத்தது. தூதர்கள் மூவருக்கும் அக்கிலீஸ் ஒரே பதிலைச் சொல்வதில்லை. ஒடிசியஸிடம், நாளைக் காலையில் கப்பலேறுவேன் என்கிறான். அவனை வளர்த்த கிழவர் ஃபீனிக்ஸ் பேசியபின், போவதா இருப்பதா என்று காலையில் யோசிப்போம் என்கிறான். மூன்றாம் தூதனான வீரன் ஏஜாக்ஸ் பேசியதும், ஹெக்டர் எங்கள் கப்பல்வரை வரட்டும், அதுவரை போரிடமாட்டேன் என்கிறான். கோபம் மெல்ல இறங்குகிறது. ஆனால் ஒடிசியஸ் திரும்பிப் போய் அகமெம்னானிடம் சொல்வது முதல் பதிலை மட்டுமே.

பிறகு கடிகாரத்தோடு பழகினேன். ஒரு கட்டுரைக்கு 60 நிமிடம் என்றால் முதல் 10 குறிப்புக்கு, கடைசி 5 திருப்பி வாசிக்க. குறிப்பைத் தமிழில்தான் போடுவேன், கட்டுரை ஆங்கிலத்தில். தமிழில் போட்டால் மனப்பாடம் செய்த ஆங்கில வாக்கியங்கள் முந்திக்கொண்டு வராது. உண்மையில் எனக்குத் தோன்றுவதுதான் வரும். மேற்கோள் ஏழெட்டு போதும், அதுவும் சின்னச் சின்னவை.

தேர்வில் வந்த கேள்வி: "இலியட் கோபத்தின் காப்பியம். விவாதிக்க." பக்கத்தில் எல்லாரும் எழுதத் தொடங்கிவிட்டார்கள். கை துடித்தது. ஆனாலும் பத்து நிமிடம் குறிப்பே போட்டேன். முதல் வாக்கியத்திலேயே பதிலைச் சொன்னேன்: கிரேக்க மூலத்தின் முதல் சொல் கோபம்தான், ஆனால் காப்பியம் முடிவது பகைவனின் ஈமச்சடங்கில். 9-ம் காண்டத்துக்கு இரண்டு பத்தி. பாட்ரோக்ளஸ் இறந்தபின் கோபம் துக்கமாகவும் தன்மேல் தனக்கே வரும் வெறுப்பாகவும் மாறுவதற்கு ஒரு பத்தி.

முடிக்கும்போது, குறிப்பில் இல்லாத ஒன்று நினைவுக்கு வந்தது. மகன் ஹெக்டரின் உடலைக் கேட்டு வந்த ட்ராய் அரசர் பிரியாமிடம், சடங்குக்கு எத்தனை நாள் வேண்டும் என்று அக்கிலீஸ் கேட்கிறான். ஒன்பது நாள் அழுவோம், பத்தாம் நாள் அடக்கம், பதினோராம் நாள் கல்லறை மேடு எழுப்புவோம், பன்னிரண்டாம் நாள் வேண்டுமானால் போரிடுவோம் என்கிறார் கிழவர். அதுவரை படையை நிறுத்தி வைப்பதாக அவன் வாக்குக் கொடுக்கிறான். தன் கோபத்தால் சொந்தப் படையையே சாகவிட்டவன் எதிரியின் துக்கத்துக்கு நாள் ஒதுக்குகிறான். அதை எழுதாமல் என்னால் பேனாவைக் கீழே வைக்க முடியவில்லை.

ஏழு நிமிடம் கூடிப்போனது. அது மூன்றாவது கட்டுரையின் கணக்கிலிருந்துதான் கழிந்தது: ஒடிசியில், வீடு திரும்பிய ஒடிசியஸை அடையாளம் காணும் காட்சிகள். காலின் தழும்பையும் ஆலிவ் மரக் கட்டிலையும் எழுதி முடிப்பதற்குள் தாளை வாங்க வந்துவிட்டார்கள். இருபது ஆண்டு காத்திருந்து, எசமானைக் கண்டதும் வாலாட்டிச் செத்துப்போன நாய் ஆர்கோஸுக்கு ஒரு வரிகூட இடம் கிடைக்கவில்லை.