மலை ஏறுகிற வண்டிக்கு ஆம்ப் மாட்டும்போது

கார்த்திகை பிறக்கப் போகிறது என்றாலே கம்பம், தேனி ஆடியோ கடை வாசலில் வண்டிகள் வரிசை கட்டும். சபரிமலை சீசனுக்கு ஓடுகிற வேன், கட்டப்பனைப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற ஜீப், குமுளி லாட்ஜ்களுக்கு டூரிஸ்ட் கொண்டுபோகிற பொலிரோ என்று வண்டி எதுவானாலும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, பாட்டு தெளிவா இருக்கணும், பேஸ் நெஞ்சுல இடிக்கணும்." பாட்டின் சத்தத்தைப் பெருக்கும் ஆம்புக்கு (ஆம்ப்ளிஃபயர்) பத்தாயிரம் கொடுக்கத் தயங்காதவர்கள் வயருக்கு இன்னும் ஆயிரம் ஆகும் என்றதும் பேரம் பேசுவார்கள். சத்தம் கெடுவது பெரும்பாலும் அந்த ஆயிரத்தில்தான்.

மலையில் இது இன்னும் பட்டவர்த்தனமாகத் தெரியும். மழையும் மூடுபனியுமான சாயங்காலத்தில் ஹெட்லைட், ஃபாக் லைட், வைப்பர், கண்ணாடிக்குக் காற்றடிக்கும் புளோயர் எல்லாம் ஒன்றாக ஓடும். இறக்கத்தில் கொண்டை ஊசி வளைவில் எஞ்சின் கிட்டத்தட்ட ஐடிலுக்கு வந்துவிடும், ஆல்டர்னேட்டரின் உற்பத்தியும் இறங்கிவிடும். சமவெளியில் ஓட்டும்வரை தெரியாத குறை அந்த இடத்தில் ஹெட்லைட் மினுக்கலாகவும் ஆம்ப் ஒரு நொடி நின்று திரும்ப வருவதாகவும் வெளிப்படும்.

முதலில் கணக்கு. அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சடித்த 2000 வாட்டை மறந்துவிடுங்கள். ஆம்பின் பக்கவாட்டில் செருகியிருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். 30 ஆம்பியர் ஃபியூஸ் என்றால் 30 × 13.8 = 414 வாட். உள்ளே போவதே அவ்வளவுதான். கிளாஸ் டி வகை அதில் சுமார் 80 சதவீதத்தை ஸ்பீக்கருக்குக் கொடுக்கும், பழைய ஏபி வகை 55 சதவீதத்தைச் சுற்றி நிற்கும், மிச்சமெல்லாம் சூடு. ஆக கிளாஸ் டி என்றால் 330 வாட், ஏபி என்றால் 230 வாட். பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் சரி. நாலு ஸ்பீக்கருக்கு 50 வாட் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து கொடுக்கும் வாட்) வீதம் 200 வாட் போதும் என்பவருக்கு ஏபி ஆம்ப் உச்சத்தில் 26 ஆம்பியர் இழுக்கும், கிளாஸ் டி 18 ஆம்பியர் இழுக்கும். ஆல்டர்னேட்டர் சிறியதாக உள்ள பழைய ஜீப்புகளுக்குக் கிளாஸ் டி தவிர வேறு எதையும் நாங்கள் சொல்வதில்லை.

வயருக்கு வருவோம். முன்னால் உள்ள பேட்டரியிலிருந்து பின் சீட்டு வரை 5 மீட்டர் ஓட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 சதுர மி.மீ. செம்பு வயரில் 30 ஆம்பியர் ஓடினால் கால் வோல்ட் போல் விழும். 4 சதுர மி.மீ. வயர் என்றால் அதே ஓட்டத்தில் 0.65 வோல்ட் போய்விடும். கிட் என்று பாக்கெட்டில் வருவதில் பாதிக்கு மேல் செம்பு பூசிய அலுமினியம். அதன் கடத்தும் திறன் செம்பில் மூன்றில் இரண்டு பங்குகூட வராது. ஒரு இழையை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும், அவ்வளவுதான் சோதனை. அலுமினிய வயரில் இன்னொரு தொல்லை, ஈரம் பட்டால் லக்கின் (வயர் நுனியில் மாட்டும் உலோக முனை) உள்ளே வெள்ளைப் பொடியாகப் பூத்துவிடும். குமுளி மழைக்கு அது ஒரு வருஷம் தாங்கினால் அதிகம். கிட்டை விட்டுவிட்டு எலக்ட்ரிகல் கடையில் பல இழை செம்பு வயரை மீட்டர் கணக்கில் வாங்குங்கள். 300 வாட் வரை 10, 500 வாட் வரை 16 சதுர மி.மீ. என்பது எங்கள் அளவு.

வேலையைத் தொடங்குமுன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள், கடைசியில்தான் திரும்ப மாட்ட வேண்டும். பாசிட்டிவ் வயரில் ஃபியூஸ் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஆம்பில்தான் ஃபியூஸ் இருக்கிறதே என்பார்கள். அது ஆம்பைக் காக்கும். பேட்டரி பக்கத்து ஃபியூஸ் காப்பது வயரை. நடுவில் எங்காவது வயரின் தோல் கிழிந்து பாடியில் உரசினால் பேட்டரியின் மொத்த கரண்டும் அந்த வழியாகப் பாயும், ஆம்ப் ஃபியூஸுக்குச் செய்தியே போகாது. வண்டி எரிவது இப்படித்தான். 10 சதுர மி.மீ. வயருக்கு 60 ஆம்பியருக்கு மேல் போட வேண்டாம். எஞ்சின் பக்கத்திலிருந்து தகட்டைத் துளைத்து உள்ளே வரும் ஓட்டையில் ரப்பர் புஷ் கட்டாயம். வயர் கீழே இறங்கி வளைந்து பிறகு மேலேறி நுழையட்டும், மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

எர்த்தில், அதாவது கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பில்தான், நிறையப் பேர் சறுக்குகிறார்கள். மாருதி மாதிரி கார்களில் பாடியே ஒரே தகடு. பின்னால் எங்கே பிடித்தாலும் பேட்டரி நெகட்டிவுக்கு நல்ல பாதை உண்டு. பொலிரோவும் பழைய கமாண்டர் ஜீப்பும் அப்படியில்லை. சேசிஸ் தனி, அதன்மேல் ரப்பர் வைத்து உட்காரும் பாடி தனி. பேட்டரி நெகட்டிவ் எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் தடியாகப் போகும், பாடிக்கு ஒரு மெலிந்த பட்டைதான் வரும். தோட்டச் சாலையில் நாலு வருஷம் ஓடிய ஜீப்பில் அந்தப் பட்டை துருப்பிடித்துப் பாதி அறுந்திருக்கும். அந்தப் பாடியில் ஆம்பை எர்த் செய்தால், எவ்வளவு தடி வயர் போட்டாலும் கரண்ட் திரும்ப வேண்டியது அந்த நூல் வழியாகத்தான். இத்தகைய வண்டியில் முதலில் பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கு 10 சதுர மி.மீ. வயர் ஒன்றைக் கூடுதலாகப் போடுங்கள். அதன் பிறகுதான் ஆம்ப்.

ஆம்ப் பக்கத்து எர்த் வயர் அரை மீட்டருக்குள் முடியட்டும், பாசிட்டிவ் வயரின் தடிமனிலேயே இருக்கட்டும். இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, பெயின்ட், பிரைமர் எல்லாம் போய் வெள்ளித் தகடு பளபளக்க வேண்டும். லக், பல் வாஷர், 8 மி.மீ. போல்ட், நட் என்று இறுக்கிவிட்டு அதன் மேலேயே கிரீஸோ பெயின்டோ பூசுங்கள். தகடு திருகில் ஏற்ற வேண்டாம், குலுங்கலில் மூன்று மாதத்தில் தளர்ந்துவிடும். சீட் பெல்ட் போல்ட்டைத் தொடவே கூடாது. துளை போடுமுன் வண்டிக்கு அடியில் படுத்து ஒருதரம் பாருங்கள், டீசல் டேங்கும் பிரேக் பைப்பும் பின்பக்கம்தான் ஓடுகின்றன.

இதெல்லாம் சரியா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, மல்டிமீட்டரில் ஓம் வைத்தும் தெரியாது. எஞ்சினை ஓடவிட்டு, லைட்டெல்லாம் போட்டு, பாட்டைச் சத்தமாக வைத்து, டிசி வோல்ட்டில் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலும் மறுமுனையை ஆம்பின் எர்த் திருகிலும் வையுங்கள். பேஸ் விழும் நேரத்தில் 0.1 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நன்று. 0.4, 0.5 என்று எகிறினால் பட்டையோ லக்கோ கெட்டிருக்கிறது. இதேபோல் பாசிட்டிவுக்குப் பாசிட்டிவ் பாருங்கள், அங்கே அரை வோல்ட் வரை பொறுக்கலாம்.

பேஸ் விழும்போது லைட் மங்குகிறதென்றால் ஒரு ஃபாரட் கெபாசிட்டர் மாட்டச் சொல்லி விற்பார்கள். 14 வோல்ட்டிலிருந்து 13க்கு இறங்கும்போது அது கொடுக்கும் ஆற்றல் 13.5 ஜூல்தான். 300 வாட் இழுக்கும் ஆம்புக்கு அது ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குக்கூட வராது. அந்தக் காசை மேலே சொன்ன எர்த் வயரிலும் நல்ல பேட்டரியிலும் போடுங்கள்.

ஆம்பை ஆன் செய்யும் ரிமோட் வயர் டெக்கின் (டேஷ்போர்டில் உள்ள பாட்டுப் பெட்டி) பின்னால் நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டு வரும், டெக் ஆன் ஆனால் 12 வோல்ட் கிடைக்கும். கம்பெனி டெக்கில் அது இல்லாவிட்டால் சாவி திருப்பினால் மட்டும் உயிர் வரும் ஏதாவது ஒரு ஃபியூஸிலிருந்து எடுக்கலாம். நேரே பேட்டரியில் கொடுத்தால் ஆம்ப் இரவெல்லாம் விழித்திருக்கும், காலையில் வண்டியைத் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டிவரும். டெக்கிலிருந்து ஆம்புக்குப் பாட்டு சிக்னலைக் கொண்டுபோகும் ஆர்.சி.ஏ. வயரைப் பவர் வயருக்கு எதிர்ப்பக்கமாக இழுங்கள். குறுக்கே கடந்துதான் ஆக வேண்டுமென்றால் செங்கோணத்தில் கடக்கட்டும்.

ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் "கூய்ங்" என்று ஏறும் இரைச்சலுக்குக் கடைக்காரர் உடனே ஃபில்டர் எடுப்பார். அதற்குமுன் வரிசையாகத் தேடுங்கள். ஆம்பை அணைத்து ஆர்.சி.ஏ.வை ஆம்பிலிருந்து உருவி, திரும்ப ஆன் செய்யுங்கள். இரைச்சல் தொடர்ந்தால் ஆம்பின் எர்த். நின்றுவிட்டால் வருவது டெக் பக்கத்திலிருந்து. ஒரு போனை அதே ஆர்.சி.ஏ.வில் கொடுத்துப் பாருங்கள், சுத்தமாகக் கேட்டால் டெக்கின் எர்த் மோசம், அதை டேஷ்போர்டின் பின்னால் உள்ள இரும்பில் தனியாகப் பிடியுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் டெக்கைக் கழற்றி, ஆர்.சி.ஏ. வெளிவளையத்துக்கும் டெக்கின் தகட்டுக்கும் இடையே ஓம் பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே உள்ள நுண்ணிய ஃபியூஸ் போயிருக்கிறது. பல டெக்குகளில் ஆன் செய்த நிலையில் ஆர்.சி.ஏ.வைச் செருகி உருவினால் போவது அதுதான். கடைசி சந்தேகம் ஆல்டர்னேட்டர் டயோடு. பேட்டரியில் ஏசி வோல்ட் பார்த்தால் பிடிபடும், ஆனால் இருநூறு ரூபாய் மஞ்சள் மீட்டரில் பார்க்காதீர்கள். அது டிசியையே இரண்டு மடங்குக்கு மேலாக்கி 28 ஏசி என்று காட்டிப் பயமுறுத்தும்.

ஓமில் கவனம். நாலு ஓம் ஸ்பீக்கர் இரண்டை இணையாகக் கட்டினால் இரண்டு ஓம். நாலு சேனல் ஆம்ப் பலவும் சேனலுக்கு இரண்டு ஓம் தாங்கும், பிரிட்ஜ் செய்தால், அதாவது இரண்டு சேனலைச் சேர்த்து ஒன்றாக்கினால், நாலுக்குக் கீழே இறக்க விடாது. பிரிட்ஜில் இரண்டு ஓம் கொடுத்தால் புரொடெக்ட் சிவப்பு விளக்கு எரியும். எந்த முனை பிளஸ் என்று ஸ்பீக்கரில் தெரியாவிட்டால் ஒரு பென்டார்ச் செல்லைத் தொட்டுப் பாருங்கள், கோன் வெளியே தள்ளினால் செல்லின் பிளஸ் பட்ட முனைதான் பிளஸ். ஒன்று மாறிப்போனாலும் பேஸ் காணாமல் போய்விடும், எல்லாரும் அப்போது ஆம்பைத் திட்டுவார்கள்.

ஆம்பில் உள்ள கெயின் திருகு வால்யூம் அல்ல. டெக் தரும் சிக்னலுக்கு ஆம்பைப் பொருத்துவதற்கானது. ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றி, டெக்கில் பேஸ், ட்ரெபிள், லவுட்னஸ் எல்லாவற்றையும் பூஜ்யமாக்கி, ஆம்பின் பேஸ் பூஸ்டையும் அணைத்து, வால்யூமை முக்கால் வரை ஏற்றுங்கள். போனில் 300 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை இறக்கி ஓடவிடுங்கள். பலரும் 1000 ஹெர்ட்ஸ் சொல்வார்கள், மலிவு மீட்டர்கள் ஏசியை 400 ஹெர்ட்ஸ் வரைதான் நம்பகமாகக் காட்டும். மீட்டரை ஏசியில் வைத்து ஆம்பின் ஸ்பீக்கர் முனைகளில் பிடித்துக்கொண்டு கெயினை மெல்லத் திருப்புங்கள். வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வர வேண்டிய வோல்ட் கிடைக்கும்: 50 வாட், 4 ஓம் என்றால் 14.1. 75 வாட் என்றால் 17.3. சப்புக்கு (பேஸுக்கான பெரிய ஸ்பீக்கர், சப்வூஃபர்) 50 ஹெர்ட்ஸ் டோன், 300 வாட் 2 ஓமுக்கு 24.5. அங்கே நிறுத்திவிடுங்கள். உயர்ந்த ஒலிக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் புகைவது பெரும்பாலும் அதற்கு மேல் திருப்பியதால்தான், அலையின் தலை வெட்டுப்பட்டு அதிலிருந்து பிறக்கும் உயர் அதிர்வெண் சூட்டை ட்வீட்டர் வாங்கிக்கொள்கிறது. கதவு ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸில் ஹை பாஸ் (அதற்கு மேலுள்ளதை மட்டும் விடும்), சப்புக்கு 80இல் லோ பாஸ் (கீழுள்ளதை மட்டும் விடும்), காதுக்கு ஏற்ப முன்னே பின்னே.

ஆம்பைத் தரையில் வைக்காதீர்கள். சேறும் சகதியுமாக வந்த ஜீப்பை ஹோஸ் பைப்பால் உள்ளேயே அடித்துக் கழுவுகிற ஊர் இது. 12 மி.மீ. மரைன் பிளைவுட்டில் திருகி, சீட்டுக்கு அடியில் தரையிலிருந்து மூன்று விரல் உயரத்தில் நிறுத்துங்கள். எம்.டி.எஃப். பலகை ஈரத்தில் பொரிபோல் உப்பிவிடும். சப் பெட்டியின் மேலேயே ஆம்பைத் திருகுவது வேண்டவே வேண்டாம், அதிர்வில் சால்டர் விட்டுப்போகும்.

காய்கறி ஏற்றிக் கொச்சி வரை போகும் லாரிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 24 வோல்ட் லாரியில் இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்து ஆம்புக்குக் கொடுக்கிற பழக்கம் இருக்கிறது. அந்தப் பேட்டரி எப்போதும் பாதி சார்ஜில் நிற்கும், மற்றது அளவுக்கு மீறி சார்ஜாகிக் கொதிக்கும், சில மாதத்தில் இரண்டும் போய்விடும். 24க்கு 12 கன்வெர்ட்டர் வாங்குங்கள், ஆம்பின் உச்ச ஆம்பியருக்கு மேலேயே.

2022 அக்டோபரில் வடக்கஞ்சேரியில் சுற்றுலாப் பேருந்து விபத்து நடந்த பிறகு கேரளத்தில் அலங்கார விளக்கு, ஆடியோ மீதான சோதனை இறுகியது. ஆள் ஏற்றும் வண்டியில் மேலே குழாய் ஸ்பீக்கர், வெளியே பார்க்கும் சப் எதுவும் வேண்டாம். குமுளி தாண்டி வனப்பகுதி வரும் இடங்களில் சத்தத்தைக் குறைப்பது வனத்துறைக்கும் யானைக்கும் சேர்த்துச் செய்கிற மரியாதை.

மாட்டி இரண்டு வாரம் மலையில் ஓடியதும் பேட்டரி டெர்மினல், ஃபியூஸ் ஹோல்டர் திருகு, எர்த் நட் மூன்றையும் ஒருமுறை இறுக்குங்கள். ஃபியூஸ் ஹோல்டரைத் தொட்டால் கை பொறுக்காத சூடு இருந்தால் உள்ளே திருகு தளர்ந்திருக்கிறது. பெரிய ஃபியூஸ் போட்டு அதைச் சமாளிக்காதீர்கள், வயரைக் கழற்றி நுனியை வெட்டி, புது லக் போட்டுக் கிரிம்ப் செய்யுங்கள்.