ஈட்டிமுனை இருந்தால் ஆணா? தொல்லியல் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு

மானிடவியலோ தொல்லியலோ படிக்கும் நம் ஆட்கள் பலர் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைக்கும் பகுதி இது: ஈமப்பொருள்களையும் (இறந்தவரோடு குழியில் வைத்தவை) சிற்றுருவங்களையும் வைத்து அக்கால மக்களின் பாலினத்தைப் பேசுவது. கேள்வி வந்தால் ‘தாய்த் தெய்வ வழிபாடு’ என்று நாலு வரி எழுதிவிட்டு நகர்வார்கள். மதிப்பெண் போவது அங்கேதான்.

எலும்பு சொல்வதையும் பக்கத்தில் கிடந்த பொருளை வைத்து நாம் சொல்வதையும் தனித்தனிப் பத்தியாக எழுதுங்கள். இடுப்பெலும்பு, பல் எனாமலில் உள்ள புரதம், டிஎன்ஏ ஆகியவை உடலின் பாலைக் காட்டும். ஈட்டிமுனை என்றால் ஆண், மணி என்றால் பெண் என்பது ஊகம். இதற்கு நான் வைத்திருந்த உதாரணம் ஸ்பெயினின் வலென்சினா. சுமார் 5,000 ஆண்டுப் பழைய அந்தக் கல்லறை 2008-இல் கிடைத்தது. உள்ளே யானைத் தந்தம், படிகக் குத்துவாள். புதைக்கப்பட்டவர் இளைஞன் என்றார்கள். பல் எனாமல் சோதனை முடிவு 2023-இல் வெளியானபோது அவர் பெண். பெருவில் வேட்டைக் கருவிகளோடு கிடைத்த, ஏறக்குறைய 9,000 ஆண்டுக்கு முந்தைய இளம்பெண்ணையும் சேர்க்கலாம். ஆனால் அந்த ஒரு குழியை வைத்து ‘எல்லாப் பெண்களும் வேட்டையாடினர்’ என்று எழுதிவிடாதீர்கள். அதுவும் பழைய அவசரம்தான். குழிக்குள் பொருளை வைத்தவர்கள் உயிரோடிருந்தவர்கள், அதனால் அது இறந்தவர் பயன்படுத்திய பொருளாகவே இருக்கவேண்டியதில்லை என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள்.

சிற்றுருவம் என்றால் கிடைத்த இடம் முக்கியம். துருக்கியின் சாத்தால்ஹூயுக்கில் 1961-இல் கிடைத்த அமர்ந்த பெண்ணுருவம் தானியத் தொட்டிக்குள் இருந்தது. அதை அகழ்ந்தெடுத்த தொல்லியலாளர் மெல்லார்ட் தெய்வம் என்றார். பின்னர் அங்கே அகழ்ந்த ஹோடர் குழு அதை ஏற்கவில்லை. அங்கே பெண்ணுருவங்கள் மட்டுமல்ல, விலங்குருவங்களும் ஏராளம். ஆஸ்திரியாவின் வில்லன்டார்ஃப் பெண்ணுருவத்துக்கு, 1908-இல் கிடைத்தது, உயரம் சுமார் 11 செ.மீ., முகமில்லை என்பது போதும். அறிஞர் பெயருக்கு, தொல்லியலில் பாலினம் பற்றி காங்கி, ஸ்பெக்டர் இருவரும் எழுதிய 1984 கட்டுரை.

வடசென்னையில் வீட்டில் உட்கார்ந்து படிக்க இடம் கிடைப்பது பெரும்பாடு. கொளத்தூர் பக்கம் இருப்பவர்களுக்கு முதல்வர் படைப்பகம் இருக்கிறது. ஆனால் இந்தப் பகுதிக்கு மட்டும் எழும்பூர் அருங்காட்சியகம் போய்த்தான் ஆகணும். வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறினால் எழும்பூர். பிரிட்டிஷ் காலத் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ ஆதிச்சநல்லூர் ஈமக்காட்டில் அகழ்ந்தெடுத்தவற்றின் முன் நின்று, பெயர்ப்பலகையைப் பார்க்காமல் கண்ணில் படுவதை மட்டும் எழுதுங்கள். ஆபரணத்தைக் கண்டதும் ‘பெண்’ என்று எழுதக் கை ஓடும். அந்த வரியை அடித்துவிட்டு, என்ன சான்று இருந்தால் அப்படிச் சொல்லலாம் என்று எழுதுங்கள். வெள்ளிக்கிழமை போகாதீர்கள், விடுமுறை.